பத்தொன்பது சான்றிதழ்கள்

பயிற்சி நிலையத்தில் முகத்துக்கு நேரே எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பச்சைப்பேனா. தரப்பிரிவு அலுவலர் என்று கதவில் பலகை தொங்கினாலும் அந்தப் பட்டப்பெயர்தான் நிலைத்துவிட்டது. வருகைப் பதிவேடு, பாடத்திட்டம், செய்முறைத் தேர்வுத் தாள், பயிற்றுநர்களின் தகுதிச் சான்று, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி, எதைப் பார்த்தாலும் பச்சை மையில் ஒரு டிக் போட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதுவாள். "பச்சைப்பேனா வருது, மேசையைச் சுத்தம் பண்ணு" என்று தாழ்வாரத்தில் யாராவது கிசுகிசுப்பது காதில் விழுந்தால் அவளுக்கே சிரிப்பு வரும். காட்டிக்கொள்ளமாட்டாள்.

நிலையம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே மின்பணி வகுப்பு, நடுவில் தையல் இயந்திரப் பழுது பார்க்கும் வகுப்பு, உச்சியில் வீட்டுப் பராமரிப்பாளர் வகுப்பு. படுத்த படுக்கையாகிவிட்டவர்களைக் குளிப்பாட்டவும், அவர்களுக்கு ஊட்டவும், அவர்களை எழுப்பி உட்காரவைக்கவும் நான்கு மாதத்தில் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தருவார்கள். அந்த வகுப்பின் பயிற்றுநர் இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பச்சைப்பேனாவுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சிநேகிதியும் அவர்தான். பதினொரு வருஷமாக இருவரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டார்கள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா லாரி ஓட்டியவர். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு ஒருநாள் விடியும்போது இடது பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. பக்கவாதம் பேச்சையும் பாதி எடுத்துக்கொண்டது. மிஞ்சியது வலது கை. அந்தக் கையால் தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார், ரேடியோவைத் திருகுவார், சோர்ந்து உட்காரும் மகளின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். "ஒரு சக்கரம்... போச்சு. மூணு... ஓடுது" என்பார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆகும். அதுவரை அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டபோது அவள் வெளியே எங்கும் தேடவில்லை. தங்கள் நிலையத்திலேயே படித்து முடித்த ஒரு பெண்ணைச் சிஸ்டர் சொன்னார். "கூச்சப்படாத பொண்ணு. முகம் சுளிக்காது. கை வேகம்." பச்சைப்பேனா வழக்கம்போலக் கோப்பை எடுத்துப் பார்த்தாள். செய்முறைத் தேர்வுத் தாளில் இருபது வரிகள், இருபதிலும் தேர்ச்சி. கடைசியில் சிஸ்டரின் கையெழுத்து, அதற்குக் கீழே அவளுடைய பச்சை டிக். பிறகென்ன வேண்டும்?

வந்த பெண்ணின் முழுப்பெயர் அப்பாவின் நாக்கில் திரும்பவில்லை. துறுதுறுவென்று அறைக்கும் அடுக்களைக்கும் பறந்துகொண்டிருந்தவளை அவர் சிட்டு என்று கூப்பிட்டார். அதுவே அவளுக்குப் பெயராயிற்று. மூன்று வாரம் வீட்டில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அப்பா முகம் மழித்து, துவைத்த சட்டையில் பளிச்சென்று உட்கார்ந்திருப்பார்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பச்சைப்பேனா கீழ்மாடியில் மின்பணி வகுப்பின் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா... ஐயா விழுந்துட்டாரு. சக்கர நாற்காலி நகர்ந்துருச்சு அக்கா. நான் பிடிச்சேன், நிக்கல..."

ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் ஒளித்திரையில் இரண்டு படங்களை மாட்டிக் காட்டினார்.

"இடது தோள் மூட்டு விலகியிருக்கு. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கார், அதுல மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. ஆறு வாரம் கட்டு." பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். "பலமில்லாத கையைப் பிடிச்சு யாராவது இழுத்தாங்களா?"

வலது கை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தாள். இருந்தது அந்த ஒரு கைதான்.

சிட்டு தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவளைப் பார்த்ததும் பச்சைப்பேனாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"செயலில்லாத கையைப் பிடிச்சா இழுத்த?"

"அந்தப் பக்கம்தான் நின்னேன் அக்கா. அந்தக் கைதான் பிடிக்கக் கிடைச்சுது."

"நாற்காலியை ஏன் அந்தப் பக்கம் போட்ட? பலமுள்ள பக்கம்தான போடணும்?"

"அங்க அலமாரி இருக்கே. இடமில்லன்னு..."

"பிரேக்?"

"ஒண்ணு போட்டேன். இன்னொன்னு..." சிட்டு விரல்களைப் பிசைந்தாள். "இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து தூக்கிவிடுவாரு. இன்னைக்கு அவர் வீட்டுல இல்ல. ஐயா ஜன்னல் பக்கம் உட்காரணும்னு கேட்டுட்டே இருந்தாரு. பாவமா இருந்துச்சு."

"இதெல்லாம் வகுப்புல படிச்சதுதானே? தேர்வுல செஞ்சு காட்டினதுதானே?"

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்களில் உண்மையான குழப்பம்தான் தெரிந்தது.

"எங்க செஞ்சு காட்டினோம் அக்கா? கட்டிலே இல்லையே. படம் காட்டினாங்க. பெஞ்சுல ஒருத்தியைப் படுக்கவெச்சு சிஸ்டர் ஒரு தடவை செஞ்சாங்க. கட்டில் வந்ததும் உங்களைக் கூப்பிடுறேன்னு சொன்னாங்க. கூப்பிடல."

"அப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியும்னு நீங்கதான எழுதிக்கொடுத்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "பாஸ்னு தாள்ல போட்டிருந்தா எனக்குத் தெரியும்னுதான நான் நினைப்பேன்?"

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி அவர்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு கடந்துபோனது. அது போன பிறகும் இருவரும் ஒதுங்கிய இடத்திலேயே நின்றார்கள்.

மறுநாள் அப்பாவுக்குத் துணையாகச் சித்தியை உட்காரவைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு சிட்டு படித்த அணியின் கோப்புகள் முழுவதையும் மேசையில் இறக்கினாள். பத்தொன்பது பேர். எல்லாத் தாள்களிலும் பதினான்காவது வரி: படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுதல். எல்லாவற்றிலும் ஒரே தேதி, பதினெட்டு. நேரம், மதியம் இரண்டிலிருந்து ஐந்து. ஆளுக்கு இருபது நிமிஷம் என்று விதியில் இருக்கிறது. அவள் ஒரு துண்டுத் தாளில் பெருக்கிப் பார்த்தாள். ஆறு மணி நேரமும் இன்னும் இருபது நிமிஷமும் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் அதை எப்படி அடைத்தார்கள்?

எழுந்து அலமாரியிலிருந்து பொருள் பதிவேட்டை எடுத்தாள். பயிற்சிக் கட்டில், உயர்த்தும் மோட்டார் பழுது, மூன்றாம் தேதி வெளியே போயிருக்கிறது. இருபத்தேழாம் தேதிதான் திரும்பி வந்திருக்கிறது. அந்த வரிக்கு நேரே பச்சை டிக். இருபத்தொன்பதாம் தேதி போட்டது. தேர்வுத் தாளில் அவள் டிக் போட்டிருந்தது இருபத்திரண்டாம் தேதி. இரண்டு பதிவேடுகளும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. ஒரு வாரத்துக்குள் இரண்டையும் அவளே பார்த்து, இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மதியம் சாப்பாட்டு மேசையில் சிஸ்டர் டப்பாவைத் திறக்கும் முன்பே கேட்டார்.

"ஐயா எப்படி இருக்காரு? நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல."

"பதினெட்டாம் தேதி அந்தப் பத்தொன்பது பேரையும் எந்தக் கட்டில்ல வெச்சுப் பார்த்தீங்க சிஸ்டர்?"

சிஸ்டர் டப்பாவின் மூடியை அப்படியே அழுத்தி மூடினார்.

"மோட்டார் போச்சு. ரிப்பேர்க்காரன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சான். சான்றிதழ் கொடுக்குற நாள் அச்சடிச்சு வாசல்ல ஒட்டியாச்சு. ஆள் வேணும்னு எத்தனை வீட்டுலேர்ந்து போன். நம்ம முதல்வர்கிட்ட கேட்டேன். தாளை முடிச்சிடுங்க, கட்டில் வந்ததும் கூப்பிட்டுப் பண்ணிக்கலாம்னாரு. நானும் சத்தியமா கூப்பிடலாம்னுதான் இருந்தேன். கட்டில் வந்தப்போ அவங்க எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. யார் லீவு போட்டுட்டு வருவாங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டயா?" சிஸ்டரின் முகம் சிவந்தது. "நீ தாளைத்தான கேப்ப? தாள் இருந்துச்சுன்னா உனக்குச் சரி. பதினொரு வருஷத்துல ஒரு நாள் மாடி ஏறி வந்து நான் என்ன சொல்லிக்கொடுக்கிறேன்னு பார்த்திருக்கியா?"

பச்சைப்பேனா யோசித்துப் பார்த்தாள். மாடிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். கரும்பலகை, ஜன்னல், முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்திருக்கிறாள். வகுப்பு நடக்கும்போது போனதில்லை. இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, வகுப்பு முடிந்து அறை காலியான பிறகுதான் போவாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

நிலையத்தின் முதல்வர் கெட்டவர் அல்ல. கூரை ஒழுகினால் தானே ஏணி ஏறிப் பார்க்கிற மனிதர். அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"அங்கீகார வாரியத்துக்கு எழுதப்போறீங்களா?"

"எழுதணும் சார். விதியே அதான்."

"மூணு வாரத்துல அவங்களே ஆய்வுக்கு வர்றாங்க. இப்ப எழுதினா அடுத்த அணியை எடுக்க விடமாட்டாங்க. நாப்பது பேர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்காங்க. நான் தப்பே இல்லன்னு சொல்லல. சத்தமில்லாம அந்தப் பத்தொன்பது பேரையும் கூப்பிடுவோம். மறுபயிற்சின்னு சொல்லிச் சரியா கத்துக்கொடுத்து அனுப்புவோம். வேலையும் நடக்கும், நிலையமும் நிக்கும்."

"கூப்பிட்டா பாதிப்பேர் வரமாட்டாங்க சார். வராதவங்க கையில நம்ம தாள் இருந்துட்டே இருக்கும். அதை நம்பி ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர் படுத்திருப்பாரு."

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குத்திக்காட்டும் எண்ணம் இல்லாமல்தான் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். விழுந்தது உங்க அப்பாவா இல்லாம வேற யாரோவா இருந்தா, இவ்வளவு தூரம் போவீங்களா?"

அந்தக் கேள்வியை அவள் பஸ்ஸில் கூடவே கொண்டுபோனாள். எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் நேர்மையான பதில் ஒன்றுதான் வந்தது. போயிருக்கமாட்டாள். விபத்து அறிக்கை என்று ஒரு தாள் வந்திருக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

வீட்டில் அப்பாவுக்கு ஊட்டும் வேலை இப்போது அவளுடையது. இடது கை தூக்குப்பட்டையில், வலது கை மாவுக்கட்டில். வாயைத் திறந்து காத்திருக்கும்போது அவர் கண்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மகள் ஊட்டுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. நாலு வாய் வாங்கியதும் தலையை ஆட்டிப் போதும் என்றார்.

"சிட்டு... எங்க?"

"வரமாட்டாப்பா."

"திட்டினியா?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான்..." அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அவசரப்... படுத்தினேன். அவ... வேணாம்னா. நான்... கேக்கல."

அவருடைய வாயைத் துடைத்துவிட்டு அவள் ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிட்டு தான்தான் காரணம் என்று அழுகிறாள். சிஸ்டர் மோட்டாரைச் சொல்கிறார். முதல்வர் நாற்பது பேரைச் சொல்கிறார். அசையக்கூட முடியாத இந்த மனிதரும் பழியில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவளுக்குப் பெயர் தெரியாத இன்னும் பதினெட்டு வீடுகளில் இந்த நேரம் யாரோ ஒருவர் யாரையோ எழுப்பி உட்காரவைத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலை அறிக்கையை எழுதினாள். மூன்று பக்கம். நடந்த தவறுகளை வரிசைப்படுத்தியபோது முதலாவதாகத் தன்னுடையதைப் போட்டாள்: ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதிவேடுகளை ஒரு வாரத்துக்குள் சரிபார்த்ததாகக் கையொப்பமிட்டது, எந்தச் செய்முறைத் தேர்வையும் நேரில் பாராதது. முதல்வரிடம் ஒரு பிரதி கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். தடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தாளை முடிக்கச் சொன்னது யார் என்று கேட்டபோது, சிஸ்டர் வாயைத் திறக்கும் முன் முதல்வர் "நான்தான்" என்று கையைத் தூக்கினார்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. பராமரிப்பாளர் வகுப்புக்கு ஒரு பருவம் புதிய சேர்க்கை கிடையாது. சிஸ்டர் பாடம் நடத்தலாம், ஒரு வருஷம் தேர்வு நடத்தக்கூடாது. தரப்பிரிவு அலுவலர் ஆறு மாதம் எதிலும் கையொப்பமிடக்கூடாது. முதல்வருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. பத்தொன்பது சான்றிதழ்களும் நிறுத்திவைக்கப்படும்; நாற்பத்தைந்து நாளுக்குள் வெளித்தேர்வாளர் முன்னால் மறுதேர்வில் தேறுகிறவர்களுக்கு மட்டும் திரும்பக் கிடைக்கும்.

அதைப் பத்தொன்பது பேருக்கும் சொல்லும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். ஒருத்தி, "எங்க வயித்துல அடிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று அழுதாள். ஒருவன் சிரித்தான்: "ரெண்டு மாசமா நானா ஒரு வழி கண்டுபிடிச்சு தூக்கிட்டு இருக்கேன் மேடம். முதுகு போச்சு. சொல்லிக்கொடுத்தா புண்ணியமா போகும்." இன்னொருத்தி ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டுத் தேதி கேட்டாள். ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், எண் வேலை செய்யவில்லை. ஒருவர் தொழிலையே விட்டிருந்தார். சிட்டு மட்டும் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு அவளைத் தேடிப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. சிட்டுவும் அவளுடைய அக்காவும் அக்காவின் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். சிட்டு இப்போது அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறாளாம். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது.

"உட்காருங்க மேடம்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"உன்னைத் திட்டினது என் தப்பு. உன்னை அனுப்பினதும் என் தப்பு. வாய்வார்த்தையா சொல்லிட்டுப் போகக்கூடாதுன்னு இதுல எழுதியிருக்கேன்." கடிதத்தை நீட்டினாள்.

சிட்டு நிதானமாகப் படித்தாள். ஒரு இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ஐயா கை?"

"கட்டு இன்னும் பிரிக்கல."

"எனக்கு மனுஷங்களைத் தொடவே பயமா இருக்கு. பாப்பாவைக் கூட அக்காதான் குளிப்பாட்டுறா." பிறகு தானாகவே சொன்னாள்: "சிஸ்டர் முந்தாநாள் வந்தாங்க. இதோ இங்கதான், தரையில பாயைப் போட்டு என் அக்காவைப் படுக்கவெச்சு ரெண்டு மணி நேரம் செய்யச் சொன்னாங்க. நான் மாட்டேன்னேன். பரவால்ல, நான் செய்யறதைப் பாருன்னு அவங்களே திரும்பத் திரும்பச் செஞ்சாங்க. எல்லார் வீட்டுக்கும் இப்படிப் போறாங்களாம். எனக்கு அப்புறம் இன்னும் நாலு பேர் இருக்காங்கன்னு சொல்லிட்டு இடுப்பைப் பிடிச்சிட்டே எழுந்தாங்க."

பச்சைப்பேனாவுக்கு இது தெரியாது. அறிக்கை போன நாளிலிருந்து சிஸ்டர் அவளோடு பேசுவதில்லை. படி இறங்கி வரும்போது சைக்கிள் கடைக்காரர் ஏதோ கேட்டார். அது அவள் காதில் ஏறவில்லை.

மறுதேர்வு இரண்டு நாள் நடந்தது. வெளித்தேர்வாளர் ஒல்லியான மனிதர், பிசியோதெரபி நிபுணர். பயிற்சிப் பொம்மையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"பொம்மைக்கு வலிச்சா சொல்லாது. ஆள் ஒருத்தர் வேணும். நாள் முழுக்கப் படுத்து எழுந்திருக்கணும். யார் வர்றீங்க?"

கையொப்பமிட முடியாத பச்சைப்பேனாவுக்கு அந்த இரண்டு நாளும் வேறு வேலை இருக்கவில்லை. அவள் போய்ப் படுத்தாள். இடது கையும் காலும் செத்துப்போனதுபோலக் கனமாக விட்டுவிடவேண்டும், உதவி செய்யக்கூடாது என்றார் தேர்வாளர். சொல்வதுபோல அது சுலபமாக இல்லை. யாரோ ஒருவர் தன்னைத் திருப்பும்போது உடம்பு தானாகவே முன்வந்துவிடப் பார்க்கும். அதை அடக்கி, மற்றவர் கைக்கு முழுதாகக் கொடுத்துவிட்டுக் கிடக்கவேண்டும்.

பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு ஜோடிக் கைகள். சில கைகள் சில்லென்று இருந்தன, சில வியர்த்திருந்தன. ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று தூக்கியபோது அவள் வலது கை தானாகக் கட்டில் விளிம்பைப் பற்றியது. போனில் முதுகு வலி சொன்னவன், "சாய்ஞ்சுக்கோங்க மேடம், நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சு மூட்டையைப்போல மெத்தென்று உட்காரவைத்தான். கூரையையே பார்த்தபடி படுத்திருந்தபோது அப்பா ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சிஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் கதவுக் கண்ணாடி வழியாக அவர் உதடுகள் செய்முறைப் படிகளை எண்ணுவது தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் தேர்வாளர் வேண்டுமென்றே சக்கர நாற்காலியைப் பலமில்லாத பக்கம் போட்டுவைத்தார். ஐந்து பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களை அடுத்த வாரம் திரும்ப வரச்சொன்னார்.

இரண்டாம் நாள் கடைசியாக, வரமாட்டாள் என்று நினைத்திருந்த சிட்டு வந்தாள். பசை உரிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து கட்டிலருகே நின்றாள். அப்படியே நின்றாள்.

"ஆரம்பிக்கலாம்மா" என்றார் தேர்வாளர்.

சிட்டு அசையவில்லை. பச்சைப்பேனா தலையைத் திருப்பாமல் படுத்திருந்தாள். அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அந்தப் படுக்கையில் கிடந்தபடி அவள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது.

"முடியலன்னா இன்னொரு நாள் வரலாம்" என்றார் தேர்வாளர்.

"ஒரு நிமிஷம் சார்."

சிட்டு குனிந்து நாற்காலியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் இருந்த மருந்து மேசையை ஓரமாகத் தள்ளினாள். நாற்காலியை வலது பக்கம் கொண்டுவந்தாள். ஒரு பிரேக், இன்னொரு பிரேக். நாற்காலியை இடுப்பால் இடித்துப் பார்த்தாள்.

"மேடம், உங்களை என் பக்கம் திருப்பப்போறேன். சரியா?"

"சரி."

"இப்ப உட்காரவைக்கிறேன். தலை சுத்தினா சொல்லுங்க. அவசரமில்ல."

இடுப்புப் பட்டையைக் கட்டினாள். பிறகு முழங்காலால் அவள் முழங்காலுக்கு அணை கொடுத்து, ஒரே சீராகத் தூக்கித் திருப்பி உட்காரவைத்தாள். இடது கையை எடுத்து மடியில் பத்திரமாக வைத்தாள். அதன்பிறகுதான் மூச்சு விட்டாள். தேர்வாளர் தாளில் எழுதினார். சிட்டு அவர் எழுதி முடிக்கும்வரை கூட நிற்காமல் வெளியே போய்ச் சிஸ்டரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பாவின் மணிக்கட்டுக் கட்டு ஏழாவது வாரம் பிரிந்தது. ஸ்பூன் பிடிக்க முடிகிறது. ரேடியோவைத் திருக விரல்கள் இன்னும் ஒத்துழைக்கவில்லை. தோள் வலி போகவில்லை, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிட்டு அந்த வீட்டுக்குத் திரும்ப வேலைக்கு வரவில்லை. பச்சைப்பேனாவும் கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இப்போது நடுவயதுக்காரர் ஒருவர் வருகிறார். முதல் நாள் அவர் கோப்பைப் பார்ப்பதற்குப் பதில், அப்பாவை அவர் தூக்கி உட்காரவைப்பதை அவள் மூன்று தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை அவருக்கே சலித்துவிட்டது.

பருவம் முடிந்து வகுப்பு மறுபடி தொடங்கியபோது அவள் செய்முறை நாள்களில் மாடி ஏறினாள். சிஸ்டர் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. யார் போட்டது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மதியம் அவர்கள் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது சிட்டுவிடமிருந்து போன் வந்தது. அவள் மீண்டும் பராமரிப்பு வேலைக்குப் போயிருந்தாள்.

"இங்க ஒரு பெரியவர். நல்ல கனம். தரையில மெத்தை போட்டுப் படுக்கவெச்சிருக்காங்க. தனியா தூக்குன்னு சொல்றாங்க. ரெண்டு பேர் இல்லாம தூக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். அப்படின்னா நாளைலேர்ந்து வராதேங்கறாங்க." மூச்சு வாங்கினாள். "நான் சொன்னது சரிதானே அக்கா?"

"சரிதான். போனை அவங்ககிட்ட கொடு."

பத்து நிமிஷம் பேசவேண்டியிருந்தது. அந்த வீட்டு மகன் முதலில் எகிறினான், பிறகு முணுமுணுத்தான், கடைசியில் தினமும் காலை எட்டு மணிக்குத் தானே வந்து ஒரு பக்கம் பிடிப்பதாக ஒப்புக்கொண்டான். உயரமான கட்டில் வாங்குவதைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னான்.

"யாரு?" என்றார் அப்பா ஜன்னலோரத்திலிருந்து.

"சிட்டு."

"நல்லா... இருக்காளா?"

"நல்லா இருக்காப்பா. சண்டை போட்டுட்டு இருக்கா."

அப்பாவின் முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். மாடியில் பத்து மணிக்குச் செய்முறை.